கதவு மடங்கும் இடம்

களமருதூரிலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் கார் வாங்கிய கதை. கடைசிப் பக்கத்தில்தான் விஷயம்: “சார், பதினெட்டு வருஷத்து வண்டி. டிரைவர் கதவைப் பூட்டினால் மற்ற மூன்று கதவும் ஒருநாள் பூட்டிக்கொள்கின்றன, ஒருநாள் கண்டுகொள்வதே இல்லை. சில சமயம் பூட்டிய வேகத்தில் தானாகவே திறந்துகொள்கிறது. வண்டியில் ஏதோ குடியிருக்கிறது என்கிறாள் வீட்டுக்காரி. டவுனில் காட்டினேன். சென்டர் லாக் செட்டையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றட்டுமா?”

அவசரப்பட வேண்டாம். அந்த வண்டியில் பேய் எதுவும் குடியிருக்கவில்லை. அநேகமாக ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது. எங்கே ஒடிந்திருக்கும் என்றுகூட என்னால் ஊகிக்க முடியும்.

எங்கள் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டால் சித்தப்பாக்கள் மூவரும் எழுந்துவிடுவார்கள். எங்கே, எதற்கு என்று கேட்க மாட்டார்கள். பழைய கார்களின் சென்டர் லாக்கும், கடைகளில் தனியாகப் பூட்டித் தரும் செட்டும் பெரும்பாலும் இந்தக் குடும்ப முறையில்தான் நடக்கின்றன. டிரைவர் கதவுக்குள் இருக்கும் லாக் மோட்டாருக்கு ஐந்து கம்பிகள்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று, பூட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லும் சுவிட்சுக்கு. மற்ற மூன்று கதவுகளுக்கும் இரண்டிரண்டு கம்பிதான். அவை சேதி கேட்கும், சொல்லாது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும். ஒரே ஒரு கதவு மட்டும் மக்கர் செய்தால் கோளாறு அந்தக் கதவுக்குள், அல்லது அதற்குப் போகும் இரண்டு கம்பிகளில். எல்லாக் கதவும் சேர்ந்து மௌனமானால் ஃப்யூஸ், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டி, அல்லது பெரியப்பா. அதாவது டிரைவர் கதவு. ரிமோட்டில் கேட்கிறது, சாவியில் கேட்கவில்லை என்றால் டிரைவர் கதவின் சுவிட்சைப் பாருங்கள். சாவியில் கேட்டு ரிமோட்டில் கேட்காவிட்டால் முதலில் ரிமோட்டுக்குள் இருக்கும் காசளவு பேட்டரியை மாற்றுங்கள். பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையா? பூட்டைக் குறை சொல்லுமுன் கதவின் ஓரத்தில் உள்ள சைல்டு லாக்கைப் பாருங்கள். அதைத் தெரியாமல் தட்டிவிட்டு மெக்கானிக்குக்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பூட்டுகிறது, திறக்கவில்லை என்பது இன்னொரு வகை. மோட்டார் ஒன்றுதான், மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும், எதிர்த்திசையில் பாய்ந்தால் திறக்கும். இதற்காகக் கண்ட்ரோல் பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு கம்பிகளும் எர்த்தில் உட்கார்ந்திருக்கும். பூட்டச் சொன்னால் ஒன்று எழுந்து 12 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். திறக்கச் சொன்னால் மற்றது எழும். எந்தத் திசையானாலும் இரண்டு கம்பிகளும் வேண்டும். ஆகவே எல்லாக் கதவும் பூட்டி, எதுவும் திறக்காவிட்டால் மோட்டார்களையும் அவற்றின் கம்பிகளையும் குற்றம் சொல்லாதீர்கள். ரிலேயையும் சுவிட்சையும் விசாரியுங்கள்.

இனி எனக்குப் பிடித்த கோளாறு: பூட்டிய வேகத்தில் திறந்துகொள்வது. வாசகரின் மனைவி பேய் என்று சொன்னது இதைத்தான். டிரைவர் கதவின் பூட்டு பழைய கிரீஸில் இறுகிப்போயிருக்கிறது. பூட்டச் சொன்னதும் முக்கால் தூரம் நகர்ந்து, பூட்டை மோட்டாரோடு இணைக்கும் இழுகம்பியின் விறைப்பில் கொஞ்சம் பின்வாங்கிவிடுகிறது. அந்தச் சிறு பின்வாங்கல் சுவிட்சுக்குப் போதும். ‘யாரோ திறக்கிறார்கள்’ என்று பெட்டிக்குச் சொல்லிவிடும். பெட்டியும் மறுபேச்சின்றி எல்லாக் கதவையும் திறந்துவிடும். மழைக்காலத்தில் சுவிட்சுக்குள் ஈரம் புகுந்தாலும் இதே கூத்துதான். பெரியப்பா தோளில் ஈ உட்கார்ந்து, துண்டை உதறினார் என்று வையுங்கள். சித்தப்பாக்கள் எழுந்துதான் நிற்பார்கள்.

இதைவிட வினோதமான குடும்பம் ஒன்று ஜெர்மனியில் இருந்தது. 1976இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசைக் காரில் சென்டர் லாக்குக்கு மின் மோட்டார் கிடையாது. காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய்கள்தான் பூட்டுகளை இழுத்தன. டீசல் வண்டியில் இன்ஜினை நிறுத்துவதும் அதே உறிஞ்சலின் வேலை. விளைவு, பின்கதவுப் பூட்டின் ரப்பரில் ஓட்டை விழுந்தால், சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜினில் கோளாறு தேடியவர்கள் கடைசியில் கதவில் கண்டுபிடிப்பார்கள். நோய் ஓரிடம், வலி ஓரிடம்.

களமருதூர்க்காரரின் வண்டிக்கு வருவோம். ‘ஒருநாள் கேட்கிறது, ஒருநாள் இல்லை’ என்கிறார் பாருங்கள், அங்கேதான் துப்பு இருக்கிறது. காரின் கதவுக்கும் உடலுக்கும் நடுவே, கதவு மடங்கும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவுக்குப் போகும் கம்பிகள் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. நாளைக்குப் பத்து முறை கதவைத் திறந்து மூடினால் பதினெட்டு வருஷத்தில் 65,700 முறை. அத்தனை முறையும் அந்தக் கம்பிகள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. செம்பு மென்மையானதுதான், ஆனால் மடக்க மடக்க இறுகும், இறுகியது ஒருநாள் ஒடியும். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் வயரும் கைப்பிடி ஓரத்தில் இப்படித்தான் போனது. மேல்தோல் அப்படியே பளபளவென்று இருக்கும், உள்ளே செம்பு ஒடிந்திருக்கும். கதவைத் திறந்து வைத்தால் முனைகள் தொடும், வேலை செய்யும், மூடினால் விலகும்.

சோதிப்பது எளிது. டிரைவர் கதவை மெதுவாக அசைத்துக்கொண்டே இன்னொருவரை அதில் சாவி போட்டுப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். அசைவுக்கு ஏற்றபடி மற்ற கதவுகள் கேட்பதும் கேட்காததுமாக இருந்தால் ரப்பரைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாக மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒடிந்தது ரப்பர்பேண்ட் போல நீளும்.

சந்தேகம் தீராவிட்டால் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றி மோட்டாரின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு டெஸ்ட் லைட்டை மாட்டுங்கள். டிஜிட்டல் மீட்டரைவிட இந்தச் சாதாரண 12 வோல்ட் பல்புக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். பூட்டும் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரமே வரும். மீட்டர் எண்ணைக் காட்டி முடிப்பதற்குள் போய்விடும். தவிர, நூறு இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று சாதிக்கும். பல்பு சுமையைக் கேட்கும், ஒற்றை இழையால் கொடுக்க முடியாது, மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பல்பு பளிச்சென்று எரிந்தும் பூட்டு நகரவில்லையென்றால் அப்போது மோட்டாரை மாற்றலாம். அந்த ஒன்றை மட்டும்.

டோர் பேடைக் கழற்றும்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கர் மாட்டியவரோ கண்ணாடி சரிசெய்தவரோ கிழித்து எறிந்திருக்கக்கூடும். கண்ணாடி வழியே கதவுக்குள் மழைநீர் இறங்கத்தான் செய்யும். அது உள்பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள். வெளியே வடிய விடுவது கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள். துளையில் மண் அடைத்தால் கதவே தொட்டியாகிவிடும். ஒரு துடைப்பக் குச்சியால் ஆகிற காரியம். நாமோ வெளியே மினுங்க மினுங்கப் பாலிஷ் போடுகிறோம், அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

குனியாததன் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலையில் வண்டியை நிறுத்தினோம். விளக்கை அணைக்க மறந்து ரிமோட்டில் பூட்டிவிட்டேன். திரும்பி வந்தபோது வண்டியின் பேட்டரி படுத்துவிட்டது. பேட்டரி படுத்தால் ரிமோட் வெறும் பொம்மை. சாவியைக் கதவில் நுழைத்தால் திரும்பவே இல்லை. எட்டு வருஷமாக அந்தத் துளையில் சாவி போட்டதே கிடையாது. கண்ணாடி வழியே சாப்பாட்டுக் கேரியர் தெரிந்தது.

உள்ளே கேரியர் இருந்ததால் சிரிக்கிறேன். குழந்தை இருந்திருந்தால்? வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் வெப்பம் வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். மின்சாரம் கைவிட்டாலும் சென்டர் லாக்கைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் பல பழைய கார்களில் கண்ணாடி ஓரம் தலைநீட்டும் குமிழும், கதவில் ஒரு சாவித்துளையும் முன்பிருந்தே உண்டு. அவற்றை இறுக விட்டது நாம்தான்.

வெள்ளிமலையில் என்னைக் காப்பாற்றியவர் ஜீப் ஓட்டும் ஒரு தம்பி. டீக்கடையில் கணக்கு எழுதும் பென்சிலை வாங்கி, சாவியின் பல்லெல்லாம் கருக்கும்படி தேய்த்தார். நுழைத்தார், எடுத்தார், மறுபடி தேய்த்தார். ஏழெட்டு முறைக்குப் பிறகு பூட்டு திரும்பியது. “எண்ணெய் விடாதீங்கண்ணே, தூசி சேர்ந்து அடைச்சுக்கும்” என்றார். பென்சிலில் இருப்பது கிராஃபைட். ஈரமில்லாமலே வழுக்கும், தூசியைப் பிடித்துவைக்காது.

அதிலிருந்து சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிற கையோடு கதவைச் சாவி போட்டு ஒரு தடவை பூட்டித் திறந்துவிடுகிறேன். வண்டிக்குள் பென்சில் வைப்பதில்லை, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.