பசியின் தூதர்கள்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் காரிமங்கலத்தைச் சூழ்ந்த கிராமங்களிலே, கேழ்வரகுக் களி உண்டு உழைப்போருக்குப் பசி என்பது வயிற்றின் விஷயமாகவே தோன்றும். ஆயினும் வயிறும் குடலும் மூளைக்கு அனுப்பும் இரசாயனச் செய்திகளே அதனை ஆட்டிவைக்கின்றன. வெறும் வயிற்றில் மிகுதியாகச் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனை, 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான கோஜிமா, கங்காவா முதலியோர் கண்டறிந்தனர். உணவு சிறுகுடலை எட்டியதும் சுரக்கும் கோலிசிஸ்டோகைனினோ, 'போதும்' என்று மூளைக்கு அறிவிக்கிறது.

அனரெக்ஸியா நெர்வோசா என்னும் உணவு மறுப்பு நோயால் மெலிந்தோரின் இரத்தத்தில் கிரெலின் குறைந்திருப்பதில்லை, மிகுந்தே காணப்படுகிறது. பசியின் குரல் உரத்து ஒலித்தும் உள்ளம் அதற்குச் செவிசாய்க்க மறுக்கும் இந்த விபரீதத்தை, வெறும் பிடிவாதமென்று குடும்பத்தார் கடிந்துகொள்வது எத்துணை அநியாயம்! அளவின்றி உண்டு வாந்தியெடுக்கும் புலிமியாவிலோ, உணவுக்குப் பின் கோலிசிஸ்டோகைனின் போதிய அளவு உயராமையை 1988-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. நோய், ஹார்மோன் மாற்றம் ஆகிய இவற்றுள் எது காரணம், எது காரியம் என்று பிரிப்பது எளிதன்று; பட்டினியே ஹார்மோன்களை நிலைகுலைக்கும், எடை மீள மீளக் கிரெலின் பெரும்பாலும் தணியும்.

இந்நோய்களை மேனாட்டு வியாதியென்று ஒதுக்கவும் இயலாது. 1990-களிலேயே சென்னையில் மருத்துவ மாணவரை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள், மேனாட்டு இலக்கணத்துக்குள் முழுதும் அடங்காத, சற்றே மென்மையான உணவு வேதனையொன்றை அவர்களிடையே கண்டு பதிவுசெய்தனர்.