குணமானவர் ரத்தத்தில் எவ்வளவு மருந்து?

2020 ஆகஸ்டில், களியக்காவிளையில் பாஸ் இல்லாமல் ஆளை விடாத நாளில், மார்த்தாண்டத்திலிருந்து என் அக்கா மகன் வெள்ளறடைக்கு ஃபோன் செய்தான். கொரோனா வந்து குணமாகி ஒரு மாதம் கழிந்திருந்தது. "மாமா, என் பிளாஸ்மாவைக் குடுத்தா ஒருத்தருக்கு உயிர் கிட்டும்னு சொல்லுதாவ. குடுக்கட்டா?" என்றான். "குடுலே" என்றேன். அதன் பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

இந்த யோசனை புதிதல்ல. 1890-லேயே பேரிங்கும் கிடசாட்டோவும் தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்கு எதிர்ப்பொருள் உள்ள ரத்தநீர் பயன்படும் என்று காட்டினார்கள். அர்ஜெண்டினாவில் பரவிய ஒரு ரத்தக்கசிவுக் காய்ச்சலில், குணமானவர் பிளாஸ்மா கொடுத்ததும் சாவு 16.5 சதவீதத்திலிருந்து 1.1-ஆக இறங்கியது என்று 1979-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதனால்தான் 2020-இல் இத்தனை நம்பிக்கை. அந்த ஏப்ரலிலேயே நம்ம திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கு இதற்கான அனுமதி கிடைத்தது.

ஆனால் குணமான எல்லார் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் ஒரே அளவில் இருக்காது. லேசாக வந்து போனவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு. அதை எப்படி அளப்பது? மோரில் தண்ணீர் விட்டு விட்டு, எப்போது புளிப்பு போகிறது என்று பார்ப்போமே, அதே கதைதான். பிளாஸ்மாவை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் உயிருள்ள வைரஸைக் கலந்து, வளர்த்து வைத்த செல்களின் மேல் விடுவார்கள். எந்த அளவு வரை செல்கள் சாகாமல் தப்புகின்றனவோ, அதுவே அந்தப் பிளாஸ்மாவின் வலு. இதற்கு உயர்ந்த பாதுகாப்புள்ள ஆய்வுக்கூடம் வேணும், நாட்களும் ஆகும். எலைசா என்ற சோதனை எளிது. ஆனால் எதிர்ப்பொருள் வைரஸில் ஒட்டுகிறதா என்றுதான் அது சொல்லும். வைரஸைத் தடுக்கிறதா என்பதைச் சொல்லாது.

ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய 'பிளாசிட்' ஆய்வில் இந்த இடத்தில்தான் சிக்கல். ஏற்றும் முன் அளக்க வழியில்லை. சேமித்து வைத்ததைப் பிறகுதான் அளந்தார்கள். கொடுத்தவர்களின் நடு அளவு 1:40 மட்டுமே. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம், ஏற்றாதவர்களில் 18. அர்ஜெண்டினாவில் 160 முதியோருக்கு 1:1000-க்கு மேல் உள்ளதாகப் பொறுக்கி, அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தபோது, கடுமையாகப் போனவர்கள் 31 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைந்தார்கள். ஆனால் வலுவுள்ள பிளாஸ்மாவே என்றாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் கொடுத்துப் பயனில்லை. பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்ததில் சாவு இரு பக்கமும் 24 சதவீதம்.

2021 மே 17-இல் இந்தியச் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். சேதி வந்த அன்று மருமகன் மறுபடி கூப்பிட்டான்.

"அப்பம் என்கிட்ட எடுத்ததுல எவ்வளவு இருந்துச்சு மாமா?"

அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்டு வைக்கவில்லை.