தூர்வாரத் தூர்வார வளரும் கரை

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கையில் உள்ள ஃபிஸ்துலா ஓடிக்கொண்டிருக்கும்போதே, சில மாதங்களுக்கு ஒருமுறை அதனுள் பலூனைச் செலுத்தி விரிக்க வேண்டும் என்று சொல்லப்படுவது ஏன் என்பது நோயாளிகளின் குடும்பத்தார் பலரும் எழுப்பும் கேள்வி. இச்சிகிச்சைகளின் எண்ணிக்கையை நெடுங்காலமாகக் கணக்கு வைத்துவரும் அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்த்தால், விடையில் ஒரு பங்கு இரத்தக் குழாயின் சுவரிலும் மறு பங்கு காப்பீட்டுக் கட்டணப் பட்டியலிலும் இருப்பது தெரிகிறது.

மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒரு தமனியைச் சிரையுடன் நேரடியாக இணைத்துத் தைப்பதே ஃபிஸ்துலா. நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் இரத்தமே ஓடிய மணிக்கட்டுத் தமனியில், இணைப்புக்குப் பின் சில வாரங்களில் 600 மில்லிலிட்டருக்கு மேல் பாய வேண்டும். அப்போதுதான் இயந்திரம் நிமிடத்துக்கு 300, 400 மில்லிலிட்டர் என்று உறிஞ்சினாலும் குழாய் ஒட்டிக்கொள்ளாது. சிரையின் உட்பரப்பில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்கள், தங்கள் மீது இரத்தம் உரசிச் செல்லும் விசையை உணரவல்லவை. ஓட்டம் சீராகவும் வேகமாகவும் இருக்கும் இடத்தில் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்து, நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, அடியிலுள்ள தசைச் செல்களை அடக்கி வைக்கின்றன. தையலை ஒட்டிச் சிரை வளையும் இடத்திலோ இரத்தம் சுழித்து முன்னும் பின்னும் அலைவதால் அக்கட்டுப்பாடு தளர்கிறது. தசைச் செல்கள் பெருகி உட்பக்கமாகத் தடித்து, குழாயை நெருக்குகின்றன.

ஆற்று மதகிலிருந்து வயலுக்கு வெட்டிய வாய்க்காலின் வளைவில், நீர் சுழலும் இடத்தில் வண்டல் சேர்வதைப் போன்றது இது என்று சொல்லலாம். ஆனால் இங்கே சேறு ஆற்றிலிருந்து வருவதில்லை, கரையே உள்நோக்கி வளர்கிறது. தூர்வாரும் மண்வெட்டி கரையைக் காயப்படுத்துவதால், அக்காயம் ஆறும் முறையிலேயே கரை மீண்டும் வளர்கிறது. பலூன் சுருக்கத்தை விரிப்பது சுவரைக் கிழித்துத்தான் என்பதால், ஒரு முறை விரிக்கப்பட்ட இடம் மறுமுறையும் சுருங்குவதில் வியப்பில்லை. தூர்வாரும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று அறிய முடியாது என்பது வரை இந்த ஒப்புமை நீளும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

வரலாறு சுருக்கமானது. 1960இல் சியாட்டிலில் மருத்துவர் ஸ்க்ரிப்னர் தமனியையும் சிரையையும் உடலுக்கு வெளியே டெஃப்லான் குழாயால் இணைத்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸில் சிமினோ, பிரெஸ்சியா, அப்பெல் ஆகியோர் குழாயையே விட்டொழித்து, தோலுக்கடியில் நேரடியாகத் தைத்த முறையை 1966இல் வெளியிட்டனர். இன்றைய ஃபிஸ்துலாவும் அடிப்படையில் அதுவே.

2003இல் அமெரிக்காவில் ‘ஃபிஸ்துலாவே முதலில்’ என்ற தேசிய முயற்சி தொடங்கியபோது டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடமே ஃபிஸ்துலா இருந்தது. பின்னர் 66 விழுக்காடு இலக்காக வைக்கப்பட்டது. தமனியையும் சிரையையும் இணைக்கும் செயற்கைக் குழாயையும், கழுத்துச் சிரையில் செருகும் குழாயையும் விட ஃபிஸ்துலாவில் தொற்று குறைவு என்பதால் நோக்கத்தில் குறையில்லை. எனினும், தைத்ததெல்லாம் முற்றிப் பயன்படுவதில்லை: 877 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஃபிஸ்துலாக்கள் டயாலிசிஸுக்குத் தக்கவையாக வளரவில்லை. எனவே ஃபிஸ்துலாக்கள் பெருகியதோடு அவற்றை முற்றவைக்கும், திறந்துவைக்கும் பலூன் சிகிச்சைகளும் பெருகின. அவை மருத்துவமனையை விட்டு மருத்துவர்களே நடத்தும் தனி மையங்களுக்கு இடம் மாறின. 2017 ஜனவரியில் அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், தனித்தனியாகக் கட்டணம் பெற்றுவந்த படமெடுத்தல், விரித்தல் முதலியவற்றை ஒரே குறியீட்டுக்குள் சேர்த்துத் தொகையையும் குறைத்தபோது, அம்மையங்களில் பல மூடப்பட்டன அல்லது வேறு கட்டண விகிதம் கொண்ட அறுவைச் சிகிச்சை மையங்களாக உருமாறின. நோயாளிகளின் சிரைகள் அந்த ஜனவரியில் எவ்வகையிலும் மாறிவிடவில்லை. ஆதலால் அதற்கு முந்தைய, பிந்தைய எண்களை அருகருகே வைத்து, தேவை கூடியது அல்லது குறைந்தது என்று முடிவுகட்டுவோரை நம்புவதற்கில்லை.

தசைச் செல்களின் பெருக்கத்தைத் தடுக்கும் பாக்ளிடாக்சல் என்ற மருந்தைப் பூசிய பலூன்களைப் பற்றிய ஆரவாரமும் இத்தகைய எச்சரிக்கையுடனேயே கேட்கத்தக்கது. 330 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களில் மறுசிகிச்சையின்றித் திறந்திருந்த இடங்கள் மருந்துப் பலூனில் 82 விழுக்காடு, சாதாரணப் பலூனில் 60 விழுக்காடு. 212 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வோ மறு ஆண்டே எந்தப் பயனும் இல்லை என்றது. விற்பனைத் துண்டறிக்கைகளில் இடம்பெறுவது எது என்பதை ஊகிப்பது எளிது.

அறிகுறி ஏதுமின்றிப் படத்தில் மட்டும் தெரியும் சுருக்கத்தை முன்கூட்டியே விரிப்பதை 2019இன் அமெரிக்க வழிகாட்டுதல்கள் ஆதரிக்கவில்லை. அவை முதலிடம் தருவது கையால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு. கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் நல்ல ஃபிஸ்துலா தளர்ந்து அமுங்க வேண்டும். அப்போதும் புடைத்தே நின்றால் மேலே, தோளை நோக்கிய வழியில், இரத்தம் வெளியேறுவதில் தடை இருக்கிறது. விரல் நுனியில் தொடர்ந்து உணரப்படும் மெல்லிய அதிர்வு மறைந்து, இதயத்துடிப்பைப் போல விட்டு விட்டு அடிக்கத் தொடங்குவதும் அவ்வாறே. டயாலிசிஸ் முடிந்து ஊசிகளை எடுத்த பின் இரத்தம் நிற்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆவதும் இதே தடையின் அறிகுறியாகும். இவற்றுள் ஒன்று தென்பட்டால் பலூனைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.