சிவந்தால் செப்டிக்கா?

கபடி ஆடும்போது விழுந்து முழங்கால் சிராய்த்துவிட்டது. அன்று மாலையே காயத்தைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. லேசான வீக்கம். தொட்டால் சுடுகிறது. "ஐயோ, செப்டிக் ஆகிவிட்டதா?" என்று பயப்படுவீர்கள். காயம் பட்ட அன்றே தோன்றும் சிவப்பு பெரும்பாலும் நம் உடம்பு செய்யும் வேலைதான்.

தோல் கிழிந்ததும் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருட்களை வெளியிடும். உடனே பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும். ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் வருகின்றன. குழாய்ச் சுவர் சற்றே இளகி நீர் கசிவதால் வீக்கம் வருகிறது. வெள்ளை அணுக்களும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் காயத்துக்கு வந்து சேர்கின்றன. இதை அழற்சி என்கிறோம்.

செல்கள் இப்படி ஓடி வருவதை 1882இல் கண்ணால் பார்த்தவர் இலியா மெச்னிகோவ். இன்றைய உக்ரைனில் பிறந்த உயிரியலாளர். இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, நட்சத்திர மீனின் இளம் லார்வாக்களுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். அவற்றின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது. உள்ளே நடப்பது நுண்ணோக்கியில் அப்படியே தெரியும். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன! இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்ததற்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு முள் குத்தினாலே காவல் செல்கள் கூடிவிடுகின்றன, பார்த்தீர்களா? ஆகவே சிவப்பை மட்டும் வைத்துக் கிருமி புகுந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பிறகு எதை வைத்துச் சொல்வது? நாட்களை வைத்து!

கிருமிகள் பெருக நேரம் வேண்டும். சீழ் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா, நல்ல சூழல் கிடைத்தால் ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். தடுக்க யாரும் இல்லாவிட்டால் ஒன்று 10 மணி நேரத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! வெள்ளை அணுக்கள் தடுப்பதால் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. அதனால் கிருமித்தொற்று பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியும்.

ஆறுகிற காயம் ஓரிரு நாளுக்குப் பிறகு நாளுக்கு நாள் அடங்கும். வலி குறையும். மெல்லிய, வெளிறிய நீர் கசிந்து, பொருக்குத் தட்டும். லேசாக அரிக்கும். கிருமி பிடித்த காயம் இதற்கு நேர்மாறு. மூன்றாம் நாள் வலி கூடும், சிவப்பு பரவும், வீக்கம் பெரிதாகும். கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வரும், நாற்றமும் அடிக்கலாம். சீழ் என்பது பெரும்பாலும் கிருமிகளோடு போராடி இறந்த வெள்ளை அணுக்கள்தான்.

மாநிறமும் கறுப்புமான நம் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம். அப்போது புறங்கையைக் காயத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். மறு காலில் அதே இடத்தையும் தொட்டுப் பாருங்கள். சூட்டில் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு குறும்புக்காரர் பிளாஸ்டர். அதை உரித்ததும் அதே சதுர வடிவில் தோல் சிவந்து அரிக்கிறதா? அது பசை ஒத்துக்கொள்ளாததால் வந்த எரிச்சல். பிளாஸ்டரை எடுத்துவிட்டால் மெல்லத் தணிந்துவிடும். கிருமிக்குச் சதுரம் போடத் தெரியாது!

சந்தேகம் வந்தால் மருத்துவர்களே செய்யும் ஒரு வழி இருக்கிறது. சிவப்பு முடிகிற எல்லையில், காயத்தில் படாமல், பேனாவால் கோடு போடச் சொல்லி அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் மருத்துவரிடம் போகவேண்டும்.

காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினாலோ காத்திருக்கக் கூடாது; அன்றே போகவேண்டும். மண்ணில் விழுந்த காயம், துருப்பிடித்த ஆணி குத்திய காயம் என்றால் ரணஜன்னி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி ஊசி அதற்காகத்தான்.

காயம் பட்டவுடன் ஓடும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதையும் அப்பாதீர்கள். அவை கிருமிகளைக் கொண்டுவரலாம். காயத்தின் நிறத்தையும் மறைத்துவிடும். நிறமே தெரியாவிட்டால் எதை வைத்துக் கண்காணிப்பீர்கள்?

மருத்துவரிடம் போனால் "காயம் எப்போது பட்டது, நேற்றைவிட இன்று எவ்வளவு பரவியிருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். சரியான மருந்தை முடிவுசெய்ய அவருக்கு அந்தத் தகவல் கட்டாயம் உதவும்.