பசியோடு போராட வேண்டாம்: சோற்றைக் குறைத்து எடை குறைப்பவர்கள் அறிய வேண்டியவை

பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுக்குப் பழகிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. காலையில் 100 பாதாம், மதியம் காலிஃபிளவர் சோறு என்று நீளும் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சோற்றையும் சர்க்கரையையும் குறைத்துப் பலர் எடையைக் குறைத்திருக்கிறார்கள். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதியில் விட்டவர்களும் நிறைய. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "பசி தாங்க முடியலைங்க" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர்கள் குற்றவாளிகளைப் போலக் குரலைத் தாழ்த்துகிறார்கள். மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று சுற்றியிருப்பவர்களும் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். சரியாக அமைந்த குறைமாவு உணவில் நாள் முழுக்கப் பசி இருக்கக் கூடாது. இருந்தால், தட்டில் ஏதோ குறைகிறது. அல்லது உடம்பு வேறொரு சிக்கலைச் சொல்கிறது. அது எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பசியை அடக்கும் பொடியையும் மாத்திரையையும் தேடிப் போவது ஆபத்தில் கொண்டுபோய்விடும்.

பசி ஏன் கூடுகிறது?

உடலின் கொழுப்புச் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் ஹார்மோன் 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. பசியைத் தூண்டும் கிரெலின் 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. எடை குறையும்போது லெப்டின் இறங்குகிறது, கிரெலின் ஏறுகிறது. எடை குறைத்தவர்களை மெல்பர்ன் ஆய்வாளர்கள் ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. 2011-இல் வெளியான ஆய்வு அது. ஆகவே, எடை குறைப்பவருக்குப் பசி கூடுவது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. குணக்குறை என்று அதைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஒரு நாளின் மாவுச்சத்து 130 கிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அதைக் குறைமாவு உணவு என்கிறார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் இறக்கினால் கீட்டோ. அந்த அளவுக்கு இறக்கும்போது, கொழுப்பு எரிந்து உருவாகும் கீட்டோன்கள் பலருக்குப் பசியைத் தணிக்கின்றன. ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். மாவுச்சத்து மறுபடி கூடியதும் அந்தத் தணிப்பும் போய்விடும். வாரத்தில் ஐந்து நாள் கடுமையாக இருந்துவிட்டு இரண்டு நாள் பிரியாணி, பரோட்டா என்று போகிறவர்களுக்குப் பசி அடங்காததற்கு இது ஒரு காரணம்.

குறைத்த சோற்றின் இடத்தில் என்ன வந்தது?

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் புரதத்தை வைத்தால் நீரிழிவு அபாயம் குறையும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. எடுப்பதோடு நிற்காமல், எடுத்த இடத்தில் ஒன்றை வைக்கவும் வேண்டும்.

நம் வீடுகளில் பிசகுவது இங்கேதான். சோறு பாதியாகிறது. ஆனால் குழம்பும் ரசமும் ஒரு கரண்டிப் பொரியலும் பழைய அளவிலேயே இருக்கின்றன. இப்படிச் சாப்பிடுவதற்குப் பெயர் குறைமாவு உணவு அல்ல, அரைப் பட்டினி.

பெண்களுக்கு இது இன்னும் கடுமை. முட்டையும் மீனும் முதலில் பிள்ளைகளுக்கும் வீட்டு ஆண்களுக்கும் போகின்றன. கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவுக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும். எடை குறைக்க அவர் சோற்றையும் தள்ளிவிட்டால் தட்டில் என்ன இருக்கும்? மாலை நான்கு மணிக்கு அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் ஒருவர் எடை குறைக்கிறார் என்றால், அவர் பங்குப் புரதத்தை முதலிலேயே எடுத்து வைப்பது குடும்பத்தின் பொறுப்பு.

எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பொதுப் பரிந்துரை. எடை குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் இருக்க, சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு 1.2 கிராம் வரை உணவியல் வல்லுநர்கள் சொல்வதுண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 70 கிராம். நம் சமையலறையிலேயே இந்தக் கணக்கை முடிக்கலாம்:

- காலை: மூன்று முட்டையில் 18 கிராம்
- மதியம்: 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம்
- மதியத்தோடு ஒரு கிண்ணம் தயிரில் 6 கிராம்
- மாலை: ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம்
- இரவு: 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம்

பன்னீர் கட்டுப்படியாகாத வீடுகளில் இரவுக்கும் மத்தி, நெத்திலி, முட்டை போதும். சைவர்களுக்குச் சோயா, தயிர், வேர்க்கடலை கைகொடுக்கும். சுண்டலையும் முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 27 கிராம் மாவுச்சத்து இருந்தாலும், 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. கீட்டோ அளவுக்கு இறங்காதவர்கள் சோற்றைக் குறைத்த இடத்தில் அரைக் கிண்ணம் சேர்க்கலாம்.

அடுத்தது வயிற்றை நிரப்பும் காய். கீரை, அவரை, கொத்தவரை, புடலை, சுரைக்காய், வாழைத்தண்டு, முட்டைக்கோஸ் ஆகியவற்றில் மாவு குறைவு, நாரும் நீரும் அதிகம். ஒருவர் நாளுக்கு 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தட்டில் பாதி காய் இருந்தால்தான் அந்த அளவு வரும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து மென்று சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் வரை ஆகும்.

கொழுப்பில் அளவு தவறுவதும் உண்டு. 100 பாதாம் என்பது ஏறக்குறைய 700 கலோரி. அதைக் காலை உணவாகவே சாப்பிட்டால் பலருக்கு மதியம் வரை பசிக்காது. காலை உணவும் சாப்பிட்டு, இடையிடையே அதையும் கொறித்தால் எடை குறையாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாமை இவ்வளவு சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அதில் ஆக்சலேட் அதிகம்.

பசி போலத் தோன்றும் வேறு சில

மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் உடல் தன் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜனைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் நீரும் வெளியேறும். முதல் வாரம் வேகமாக இறங்கும் எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான். நீரோடு உப்பும் போவதால் தலைவலி, சோர்வு, எரிச்சல் வருகின்றன. பலர் இதைப் பசி என்று எண்ணிப் பலகாரத்தைத் தேடுகிறார்கள். உப்புப் போட்ட நீர்மோரோ ரசமோ ஒரு டம்ளர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

தூக்கம் குறைந்தாலும் மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேல் நாட்டமும் கூடும். இரவு வேலை பார்ப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதை மனத்தில் வைத்து, தங்கள் இலக்கை மெதுவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பசி ஆபத்தின் அறிகுறியாகும்போது

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தப் பகுதியை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். மருந்தின் அளவு பழையபடி இருக்க, மாவுச்சத்து மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். திடீர்ப் பசி, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது 'டயட்' பார்க்கவே கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க வழியில்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து வேறு வடிவில் வரும். கடுமையான குறைமாவு உணவோ பட்டினியோ சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டுவதால் இது கண்ணில் படாமல் போகும். பசி அறவே அற்றுப்போய், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் "டயட் நல்லா வேலை செய்யுது" என்று மகிழாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரையின் பெயரை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், உண்ணல் கோளாறு இருந்தவர்கள் ஆகியோர் தாங்களாகவே இந்த உணவுமுறையைத் தொடங்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இறங்கித் தலைசுற்றலாம். மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் வரலாம். சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஏறுவதும் உண்டு. தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பசியை அடக்கும் சரக்குகள்

பசி தாங்காதவரை நோக்கித்தான் பொடியும் கேப்சூலும் வருகின்றன. பசியை அடக்கும் சிபுட்ரமின் மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் 'மூலிகை' என்று விற்கப்பட்ட மெலிவுப் பொருள்களில் அதே மருந்து ஒளிந்திருப்பதைப் பல நாடுகளின் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் தகுந்தவர்களுக்குப் பயன்படும் மருந்துகள்தாம். ஆனால் மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஜிம்மிலோ அழகு நிலையத்திலோ போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உரிமைகள், புகார் செய்யும் வழிகள்

- உடல் பருமனையும் நீரிழிவையும் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது.
- உணவுப் பொட்டலத்தில் உட்பொருள்கள், தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள்.
- தவறான விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்; தவறு மீண்டும் நடந்தால் 50 லட்சம் வரை.
- சான்றிதழ் பெற்ற நலவாழ்வு வல்லுநர் என்ற முறையில் சமூக ஊடகத்தில் உடல்நலம் பற்றிப் பேசுபவர், தம் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதித்தது. உங்களுக்குப் பட்டியல் தருபவரிடம் அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்கலாம்.

ஏமாந்துவிட்டால் ரசீது, பொட்டலம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய செய்திகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். கலப்படம் என்று சந்தேகம் வந்தால், மீதமுள்ள பொருளை வீசிவிடாமல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.

வேறு வழிக்கும் உரிமை உண்டு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஓராண்டின் முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தார்கள். இந்த வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கதல்ல என்பதே ஆய்வாளர்களின் முடிவு. எடை குறைய ஒரே ஒரு வழிதான் உண்டு என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புரதமும் காயும் உப்பும் தூக்கமும் சரியாக இருந்தும் இரண்டு மூன்று வாரம் பசி வாட்டினால், மாவுச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒத்துவரவில்லையென்றால் வேறு உணவுமுறைக்கு மாறுங்கள். பல ஆண்டுகள் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கடைப்பிடிக்க முடிகிற உணவுமுறை எதுவோ, அதுவே உங்களுக்கு உரியது.