வாயில் படரும் வெண்பூசண நோயும் அதற்குரிய மருந்துகளும்

பயிர்களைப் பற்றும் பூசண நோய்கள் குடியானவர்களுக்குப் புதியன அல்ல. நெல்லில் குலைநோய், நிலக்கடலையில் டிக்கா நோய், வாழையில் இலைப்புள்ளி ஆகியவற்றால் விளையும் நஷ்டத்தை அவர்கள் நன்கு அறிவார்கள். பூசண வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்களுள் சில மனித சரீரத்தையும் பற்றுவதுண்டு. கைக்குழந்தையின் நாக்கிலும் முதியவரின் அண்ணத்திலும் திரிந்த பால்போல் வெள்ளையாகப் படரும் நோய் அவ்வகைப்பட்டதே. நாட்டு வைத்தியத்தில் அக்கரம் என வழங்கும் வாய்நோய்களுள் இதுவும் அடங்கும். இதற்கு இப்போது பல மருந்துகள் உள்ளன. எதை, யாருக்கு, எத்தனை நாள் கொடுப்பது என்றறியாமல் கடையில் வாங்கி உபயோகித்தால் பணம் வீணாவதோடு, உள்ளே இருக்கும் பெருநோய் ஒன்று மறைந்தே கிடந்துவிடவும் கூடும்.

நோயின் இயல்பு

இந்நோயை உண்டாக்குவது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூசணம். ஆரோக்கியமுள்ள பலருடைய வாயிலும் இது தீங்கின்றி இருந்து வருகிறது. சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போதும், வாயிலுள்ள மற்றக் கிருமிகள் மருந்துகளால் அழியும்போதும் இது பெருகிப் படர்கிறது. கைக்குழந்தைகள், பொய்ப்பல் கட்டிய முதியோர், நீரிழிவு உடையோர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுவோர், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை நெடுநாள் உண்டோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், எச்.ஐ.வி. தொற்றுடையோர் ஆகியோரிடம் இது மிகுதி.

குழந்தையின் நாக்கில் தங்கிய பால் மெல்லத் துடைத்தால் போய்விடும். நோயின் படலம் எளிதில் போவதில்லை. போனாலும் அடியில் சிவந்த புண் தெரியும். சில சமயம் இரத்தமும் கசியும்.

மேலே தடவும் மருந்துகள்

பயிருக்குத் தெளிக்கும் மருந்துகளில் போர்டோ கலவை போன்றவை இலையின் மேற்பரப்பில் தங்கிக் காப்பன. வேறு சில பயிரின் உள்ளே பரவிக் காப்பன. வாய்நோய் மருந்துகளையும் இவ்வாறே இருவகையாகப் பிரிக்கலாம். மேலே தங்கி வேலை செய்வனவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, ஜென்ஷன் வயலட் என்னும் ஊதாநிற மருந்து. விலை குறைவு; முற்காலத்தில் பெரிதும் வழங்கியது. ஆனால் வாயையும் துணியையும் கறைப்படுத்தும். செறிவு மிகுந்தால் வாயைப் புண்ணாக்கும். இதனால் புற்றுநோய் நேரக்கூடும் என்னும் ஐயத்தால் கனடா அரசாங்கத்தின் சுகாதாரத் துறை 2019-இல் எச்சரிக்கை விடுத்தது. வேறு நல்ல மருந்து கிடைக்குமிடத்தில் இதை நாட வேண்டுவதில்லை.

இரண்டாவது, நிஸ்டாட்டின். இதன் வரலாறு உழவர் அறியத்தக்கது. நியூயார்க் மாகாணச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் பல இடத்து மண்ணை வருவித்துச் சோதித்தனர். 1948-இல் வர்ஜீனியாவிலுள்ள ஒரு பால்பண்ணையின் மண்ணில் பூசணத்தைக் கொல்லும் நுண்ணுயிர் அகப்பட்டது. மருந்து 1950-இல் அறிவிக்கப்பட்டு, அம்மாகாணத்தின் பெயரால் வழங்கலாயிற்று. இது குடலில் ஏறக்குறைய கிரகிக்கப்படாமையால் மற்ற உறுப்புகளுக்குத் தீங்கு அரிது. பெரியவர்கள் நாளொன்றுக்கு 4 வேளை, ஒரு வேளைக்கு 4 முதல் 6 மில்லிலிட்டர் வரை, வாயில் நெடுநேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும். 7 முதல் 14 நாள் வரை செல்லும். படலம் மறைந்த பின்னும் 2 நாள் தொடர்வது அவசியம். உடனே விழுங்கிவிட்டால் பயன் குறையும்.

மூன்றாவது, க்ளோட்ரிமசோல். 1 சதவீத வாய்ப்பூச்சாகக் கடைகளில் கிடைப்பது இதுவே. சப்பிக் கரைக்கும் 10 மில்லிகிராம் மாத்திரையாகவும் சில நாடுகளில் நாளொன்றுக்கு 5 கொடுக்கிறார்கள். சாதாரண நோய்க்கு இது ஏற்றது.

நான்காவது, மைக்கோனசோல் என்னும் பசை. ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியில் இது கைக்குழந்தைகளின் நோயை நிஸ்டாட்டினைவிட விரைவாகக் குணப்படுத்தியது. ஆயினும் 4 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் பசை தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறச் செய்யலாம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவருக்கு இரத்தப்போக்கை உண்டாக்கும்.

உள்ளுக்குள் பரவும் மருந்து

ஃப்ளூகோனசோல் மாத்திரை இரத்தத்தில் கலந்து எங்கும் பரவுவது. நோய் கடுமையாயிருக்கும்போதும், விழுங்குவதற்கு வலிக்கும்போதும் மருத்துவர்கள் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை, 7 முதல் 14 நாள் கொடுக்கிறார்கள். பலத்தில் சிறந்ததாயினும் வார்ஃபரினோடும், சில நீரிழிவு மாத்திரைகளோடும் சேரும்போது கேடு விளைக்கும். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப உபயோகித்தால் பூசணம் அதற்கு இணங்காதபடி வலுப்பெறுவது வயலிலும் உண்டு, வாயிலும் உண்டு. புரோபிகோனசோல், டெபுகோனசோல், ஹெக்ஸகோனசோல் என்று பயிருக்குத் தெளிப்பனவும் ஃப்ளூகோனசோலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நுரையீரலைத் தாக்கும் வேறொரு பூசணம், வயல் மருந்துகளால் இக்குடும்பத்திற்கே இணங்காமல் மாறியது நெதர்லாந்து முதலிய நாடுகளில் தெரிந்திருக்கிறது. வாய்ப்பூசணமோ பெரும்பாலும் நோயாளி உண்ட மருந்தாலேயே அவ்வாறு மாறுகிறது. ஆகையால் இரண்டிடத்திலும் அளவறிந்து பிரயோகிப்பதே முறை. குடும்பம் ஒன்றென்பதால் வயல் மருந்தை ஒருபோதும் சரீரத்தில் பிரயோகிக்கலாகாது, அது விஷம்.

விலக்க வேண்டியவை

வெங்காரத்தைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி தசைகளைச் செயலறச் செய்யும் கொடிய நோயை உண்டாக்க வல்லது. படலத்தைத் துணியால் அழுத்திச் சுரண்டுவதும் தவறு.

மருந்தோடு செய்ய வேண்டியவை

பொய்ப்பல்லை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். ஆஸ்துமா மருந்தை உறிஞ்சியவுடன் வாய் கொப்பளிக்க வேண்டும். குழந்தைக்கு நோய் காணும்போது தாயின் முலைக்காம்பில் வலியோ வெடிப்போ இருந்தால் இருவருக்கும் ஒருங்கே சிகிச்சை செய்தாலன்றி நோய் மாறி மாறிப் பற்றும்.

சாதாரண நோய்க்கு மேலே தடவும் மருந்தே போதும். அதற்கு அடங்காதபோதே மாத்திரை என்பது பொது விதி. காரணம் தெரியாமல் நடுவயதினர் ஒருவருக்கு இந்நோய் காணுமாயின் மருந்தைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதை முதலில் தெரிவிப்பது சிலருக்கு இவ்வெண்படலமே. வேர் அழுகிய பயிருக்கு இலையில் மருந்து தெளிப்பதால் பயனில்லை என்பது உழவர் அறிந்ததே. நோய் இரண்டு வாரத்தில் நீங்காவிடினும், மீண்டும் மீண்டும் வரினும், குழந்தை பால் குடிக்க மறுப்பினும் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும்படி கிராம அதிகாரிகள் மக்களுக்கு எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.