அணைவது எப்போது?

பாதி முடித்த வேலை திரையில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் சட்டென்று அணைகிறது. வீட்டில் கரன்ட் இருக்கிறது, மின்விசிறியும் சுற்றுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒருவர் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ‘போயிடுச்சு’ என்பார், இன்னொருவர் ‘ஃபார்மட் போட்டுப் பார்ப்போம்’ என்பார். இரண்டும் சரியாக இருக்கலாம், வீண் செலவாகவும் முடியலாம். எதையும் மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியது, அது எந்த நேரத்தில், என்ன செய்யும்போது அணைகிறது என்பதைத்தான்.

விண்டோஸ் தரும் வாக்குமூலம்

‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போனால் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கும். இதைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். வாங்க ஓட வேண்டாம். மறுபடி ஆன் செய்யும்போது எழுதப்படும் பதிவு இது. முன்பு முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அதன் ‘டீட்டெயில்ஸ்’ பகுதியில் ‘பக்செக் கோட்’ என்று ஓர் எண் உண்டு. அது 0 அல்லாமல் வேறாக இருந்தால் விண்டோஸே நிலைகுலைந்திருக்கிறது. டிரைவரையும் ரேமையும் சோதியுங்கள். 0 என்றால் குறிப்பெழுதக்கூட விண்டோஸுக்கு அவகாசம் இல்லை. அப்போது சந்தேகம் மின்சாரத்தின் மீதும் சூட்டின் மீதும் திரும்புகிறது.

பெட்டிக்கு வெளியே

காசு செலவில்லாத சோதனை முதலில். மின்சாரம் ஒரு நொடி சிமிட்டும்போதோ, தண்ணீர் மோட்டார் போடும்போதோ அணைந்தால் யு.பி.எஸ். பேட்டரியைப் பாருங்கள். அதன் ஆயுள் பெரும்பாலும் 2 முதல் 3 ஆண்டு. பிரின்ட் கொடுக்கும்போது அணைகிறதா? லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் செருகியிருக்கக்கூடும். டோனரை உருக்கிப் பதிக்கும் அதன் சூட்டு உருளை பல நூறு வாட் இழுக்கும். வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். சில நாள் கம்ப்யூட்டரைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி ஓட்டினால் யு.பி.எஸ். குற்றவாளியா என்பது தெரிந்துவிடும்.

சூடா, சுமையா?

சிறிது நேரம் ஓடி அணைகிறது. உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது. ஆறவிட்டுப் போட்டால் முன்போல ஓடுகிறது. இது சூட்டின் அடையாளம். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தையே துண்டிக்கச் செய்யும். ஹீட் சிங்க்கில் அடைந்த தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முளை கழன்றிருப்பது என்று எதுவும் காரணமாகலாம்.

வீடியோ ரெண்டர் செய்யும்போதோ கேம் ஆடும்போதோ சட்டென்று அணைகிறது, சூடோ அளவோடு இருக்கிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வாருங்கள். அதன் லேபிளில் பெரிதாக அச்சிட்ட வாட்டை நம்பாமல் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் அந்தப் பாதையில் கிடைப்பது 216 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பங்கு இழுப்பது அதிலிருந்துதான். மல்டிமீட்டரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஆனால் மில்லி விநாடி நேரச் சரிவு மீட்டரில் தெரியாது. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிப் பார்ப்பதே தீர்மானமான சோதனை. அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

போட்ட சில நொடியிலேயே அணைந்தால் பவர் பட்டன் சிக்கியிருக்கலாம். நான்கு நொடி அழுத்தினால் அணைய வேண்டும் என்பது அதன் விதி; சிக்கிய பட்டன் ஓயாமல் அதைத்தான் செய்கிறது. மதர்போர்டிலிருந்து பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு முள்களையும் திருப்புளியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். அதன்பின் அணையாமல் நின்றால் பட்டனை மாற்றினால் போதும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் கம்ப்யூட்டர் ஓடும், காரணம் தெரியாது. கடைக்குப் போகவே நேர்ந்தாலும், ‘ரெண்டரில் மட்டும் அணைகிறது, சூடு 70 டிகிரி, நேரடி பிளக்கிலும் அப்படித்தான்’ என்று சொல்பவரிடம் தேவையில்லாத பாகத்தைத் தலையில் கட்டுவது எளிதல்ல.